அரிசிக்குள் வைத்த ஓய்வுப் பணம்

சனிக்கிழமை, காலை பதினொன்றரை. மலேசியாவின் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீடு. அறுபத்தொரு வயது வேலாயுதம் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாரும் சாகவில்லை. ஆனாலும் எழவு வீடு மாதிரி அக்கம்பக்கம் கூடிவிட்டது.

“போச்சு! முப்பத்தஞ்சு வருசம் லோரி ஓட்டின காசு, மொத்தமா போச்சு!”

கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு யாரோ ஒரு புண்ணியவான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டான். ‘இனிமேல் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, உடனே எடுத்துவிடுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ உண்மையா பொய்யா என்று ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம். வேலாயுதம் கேட்கவில்லை. அடித்துப் பிடித்து ஓடி, ஓய்வுக்காலத்துக்கென்று இருந்த பணத்தை ஒரு ரிங்கிட் மிச்சம் வைக்காமல் எடுத்தார். பேங்க் மேலும் நம்பிக்கை இல்லை. எல்லாவற்றையும் தங்கக் கட்டியாக வாங்கினார். கட்டிகளைத் தன் பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிந்து, அரிசி டிரம்மின் அடியில் புதைத்து வைத்தார்.

அன்றோடு தூக்கம் போனது. பூனை கத்தினாலும் எழுந்து உட்காருவார். பெற்ற பிள்ளையிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. அப்படிக் காத்த சாக்ஸைத்தான் இப்போது காணோம்.

இன்ஸ்பெக்டர் ஃபர்ஹானா வந்து சேர்ந்தபோது அழுகை கொஞ்சம் அடங்கியிருந்தது. செந்தூலில், அடுப்படிச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் ரயில்வே வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் நடுவே வளர்ந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

“எதையாச்சும் தொட்டீங்களா, அங்கிள்?”

“இல்ல மேடம். அரிசியில மட்டும் கைய விட்டுத் தேடினேன்.”

ஃபர்ஹானா சுற்றிப் பார்த்தார். சமையலறை நடுவில் துவைத்த பெட்ஷீட் ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் அரிசி குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் காலி டிரம். படுக்கையறையில் அலமாரி திறந்திருந்தது. சேலைகளெல்லாம் கட்டில்மேல் அடுக்கு அடுக்காகக் கிடந்தன. பின்பக்க இரும்புக் கிரில் திறந்திருந்தது. அதில் தொங்க வேண்டிய பூட்டு இல்லை. கிரில்லில் ஒரு கீறல் இல்லை, தரையில் இரும்புத் தூள் இல்லை.

“காலையில என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“கோயிலுக்குப் போனோம் மேடம், நானும் வைஃபும். கார்ல ஏறிட்டோம். உடனே இவ, ‘ஐயோ, பைய மறந்துட்டேன்’னு திரும்ப உள்ள போனா. போனவ போனவதான். நான் ஏர்கானைப் போட்டுக்கிட்டு ஒரு பேப்பரையே படிச்சு முடிச்சிட்டேன். பொம்பளைங்க கிளம்பறதுன்னா உங்களுக்குத் தெரியாததா? திரும்பி வந்து பார்த்தா இப்படி.”

அவர் மனைவி இராஜம்மா பால் சேர்க்காத தேநீர், தே ஓ, கலக்கிக் கொண்டுவந்தார். ஐம்பத்தொன்பது வயது, ஒடிசலான உடம்பு, கோயிலுக்குக் கட்டிப்போன பட்டுச் சேலை, தோளில் கறுப்புக் கைப்பை. தட்டோடு கோப்பையை ஏந்தி நின்றார்.

“டிரம்முல தங்கம் இருந்தது யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார் ஃபர்ஹானா.

“யாருக்குமே தெரியாது. என் பொண்டாட்டிக்கே தெரியாது மேடம். தங்கம் வாங்கினது தெரியும், எங்க இருக்குன்னு தெரியாது. அவ்வளோ ரகசியமா வெச்சிருந்தேன்.” இதைச் சொல்லும்போது அந்த அழுகையிலும் மனுஷனுக்கு ஒரு பெருமை.

உடனே எழுந்து பக்கத்து வீட்டைக் காட்டினார். அங்கே கூரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. “அங்க வேலை செய்யறானே நிஜாம், இந்தியாவிலேருந்து வந்த ஊர்க்காரன், அவன்தான்! கூரைமேல உக்காந்து எங்க வீட்டையே பார்த்துக்கிட்டு இருப்பான். புடிச்சு உள்ள போடுங்க மேடம்!”

“அந்தத் தம்பி இல்ல!” என்றார் இராஜம்மா. கோப்பை தளும்பித் தே ஓ தட்டில் கொட்டியது. “அவரு எடுக்கல. பாவம், விட்டுடுங்க.”

“எப்படி ஆன்டி அவ்வளோ நிச்சயமா சொல்றீங்க?”

“முகத்தைப் பார்த்தா தெரியுதே” என்று சொல்லிவிட்டு இராஜம்மா தரையைப் பார்த்தார்.

நிஜாமைக் கூப்பிட்டு வந்தார்கள். இராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“சத்தியமா நான் இல்ல மேடம். காலையிலேருந்து கூரையிலதான் இருந்தேன். இந்த வீட்டுப் பின்பக்கம் அங்கேருந்து நல்லாத் தெரியும். இவங்க ரெண்டு பேரும் கார்ல போனதுக்கப்புறம் ஒரு ஈ, காக்கா உள்ள போகல.”

“பின்கதவு?”

“அப்பவே திறந்துதான் இருந்துச்சு. வீட்டுல ஆள் இருக்காங்க போலன்னு நெனச்சேன். கேஸ் கீஸுன்னு ஆச்சுன்னா பெர்மிட்டு போயிரும் மேடம். ஊருல தங்கச்சி கல்யாணம் நிக்குது.” அவரை வேலைக்கு வைத்த மேஸ்திரி அதற்குள் வாசலில் நின்று, “போலீஸ் கேஸுல மாட்டினவன் எனக்கு வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பாடு அவருக்கு.

அடுத்து ரமணி. மூன்று வீடு தள்ளி இருப்பவள், முதலீட்டு ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவள். நல்ல உடுப்பு, கையில் இரண்டு போன். உண்மையாகவே பதறிப்போயிருந்தாள்.

“அங்கிள்! என்ன அங்கிள் இப்படி ஆச்சு? மண்டே எல்லாம் செட்டாச்சே லா!”

“மண்டே என்ன?” என்றார் ஃபர்ஹானா.

“அங்கிள் தங்கத்த வித்து எங்க ஸ்கீம்ல போடறதா இருந்தாரு மேடம். மாசம் எட்டு பர்சன்ட். வீட்டுல சும்மா வெச்சுக்கிட்டு பயந்து சாகறதுக்கு, காசு வேலை செய்யட்டுமே?”

“மொத்தத்தையுமா?”

“ஃபுல். நேத்து ராத்திரிதான் ஓகே சொன்னாரு.”

“உங்க லைசென்ஸ்?”

ரமணி ஒரு போனை விட்டு இன்னொரு போனைத் தடவினாள். “அது... ஆபீஸ்ல இருக்கு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல.”

“அப்புறம் பார்ப்போம்.” ஃபர்ஹானா வேலாயுதத்திடம் திரும்பினார். “அங்கிள், இந்த வீட்டுல சோறு ஆக்கறது யாரு?”

“என்ன மேடம் கேள்வி இது? இவதான்.”

“நீங்க ஒரு நாளாச்சும் அரிசி அள்ளியிருக்கீங்களா?”

“நானா? எனக்குச் சுடுதண்ணி வெக்கவே தெரியாது.”

ஃபர்ஹானா பெட்ஷீட் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பிடி அரிசியை அள்ளி மறுபடி குவியலிலேயே விட்டார். எழுந்தபோது முகத்தில் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

“மேஸ்திரி அண்ணே, நிஜாம் எடுக்கல. வேலையைப் பார்க்கச் சொல்லுங்க.” பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார். அவர் மட்டும் நின்றார்.

“வெளித் திருடன் வந்தா பூட்ட அறுப்பான், இல்ல உடைப்பான். இங்க கிரில்லுல ஒரு கீறல் இல்ல. பூட்ட சாவி போட்டுத் திறந்து, கையோட எடுத்துட்டுப் போயிருக்காங்க. திருடனுக்குப் பூட்டு எதுக்கு? சாவி போட்டது தெரியக் கூடாதுன்னு நெனச்சவங்களுக்குத்தான் அது வேணும். சரி, அலமாரியப் பாருங்க. அவசரத்துல தேடறவன் சேலையை உதறி எறிவான். இங்க ஒரு சேலையோட மடிப்புகூடக் கலையல. திரும்ப அடுக்கி வைக்கற வேலை யார் தலையில விழும்னு தெரிஞ்சவங்க செஞ்சது.”

வேலாயுதம் அலமாரியை எட்டிப் பார்த்தார்.

“இப்ப அரிசி. என் சர்வீஸ்ல எத்தனையோ வீட்டுல டிரம்மக் கவிழ்த்திருக்கறதைப் பார்த்திருக்கேன். வீடு பூரா அரிசி இறைஞ்சிருக்கும். நடந்தா காலுல நறநறங்கும். துவைச்ச பெட்ஷீட்ட விரிச்சு, அதுமேல கொட்டின திருடன நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அரிசிய மிதிக்க மனசு வராத ஆளு. அதைவிட, இன்னிக்கு ராத்திரி அதே அரிசியைத்தான் பொங்கணும்னு தெரிஞ்ச ஆளு.”

ரமணியின் போன் அலறியது, அவள் அணைத்தாள்.

“அங்கிள், நீங்க யாருக்கும் தெரியாத இடம்னு நெனச்சீங்க. இந்த வீட்டுல ஒருத்தர் தினமும் கைய விடற இடம் அது. சமைக்காத மனுஷன்தான் பொண்டாட்டிக்குத் தெரியாம அரிசிக்குள்ள ஒளிச்சு வைப்பான். டிரம்முல அரிசி இறங்க இறங்க, ஒரு நாள் படியில சாக்ஸ் தட்டாமயா போகும்?”

“ராஜம்மா...?” வேலாயுதத்தின் குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

“திங்கக்கிழமை தங்கம் ஸ்கீம்ல போச்சுன்னா ரமணிக்குக் கமிஷன். அதனால இன்னிக்குத் திருடு போறதுல ரமணிக்கு நஷ்டம்தான். திங்கக்கிழமையை நெனச்சு பயந்தவங்க இந்த வீட்டுல ஒருத்தர்தான். பைய மறந்துட்டேன்னு உள்ள போனாங்களே, அப்பதான் எல்லாம் நடந்துச்சு. ஆன்டி, நான் வந்ததுலேருந்து தே ஓ கலக்கறப்பகூட அந்தப் பைய தோள்லேருந்து இறக்கல நீங்க. சாக்ஸ் அதுலதான் இருக்கு. பூட்டும் அதுலதான் இருக்கு.”

இராஜம்மா பையைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஆமா, நான்தான் எடுத்தேன்” என்றார்.

“அடிப்பாவி! என் உயிரே போயிருக்கும்டி!”

“போயிருக்கும்தான். போனா எனக்கு என்ன இருக்கு?” இராஜம்மாவின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டுச் சுவர்கள்கூட அந்தக் குரலை முன்பு கேட்டிருக்காது. “பள்ளிக்கூடக் கேன்டீன்ல இருபது வருசம் கரண்டி புடிச்சேன். கையில கூலி குடுத்தாங்க, சேமநிதி கிடையாது. வாங்கின கூலியெல்லாம் இந்த வீட்டு அடுப்புலதான் போச்சு. உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுன்னு மாலை போட்டாங்க, கேக் வெட்டினாங்க. என்னை யாராச்சும் போதும், உக்காருன்னு சொன்னாங்களா? என் பேர்ல ஒரு காசு இல்லைங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேன். ரவாங்ல என் சித்தி மக தனலெட்சுமி இப்படித்தான் மாச வட்டின்னு போட்டா, ரெண்டே மாசம் வந்துச்சு, அப்புறம் ஆளையே காணோம், அறுபத்திநாலு வயசுல கடையில தட்டு கழுவறான்னு சொன்னேன். ‘உனக்கென்ன தெரியும், போய் சோத்தைப் போடு’ன்னீங்க.”

வேலாயுதத்துக்கு அப்படிச் சொன்னது ஞாபகம் இருந்தது.

ஃபர்ஹானா இராஜம்மா முன்னால் வந்து நின்றார். “உங்க பயம் எனக்குப் புரியுது ஆன்டி. ஆனா போலீஸ்கிட்ட உண்மையை மறைச்சீங்க. ஒரு மனுஷனோட வேலை போகப் பார்த்துச்சு. உங்க மேல கேஸ் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகாது.”

“போடுங்கம்மா” என்றார் இராஜம்மா. பிறகு எழுந்து நேராக வாசலுக்குப் போனார். அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்த நிஜாமைப் பார்த்துக் கை கூப்பினார். “மன்னிச்சிரு தம்பி. உன்னைச் சொல்வாருன்னு நான் நெனக்கவே இல்ல. வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டேன்.” நிஜாம் பதறிப்போய், “விடுங்கம்மா, விடுங்கம்மா” என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

வேலாயுதமும் மெதுவாகப் பின்னால் போய் நின்றார். நிஜாமின் கையைப் பிடித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, அது அவர் பிறவிக் குணம். ஆனால் பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை.

“ரிப்போர்ட்டை என்ன பண்ணலாம், அங்கிள்?” என்றார் ஃபர்ஹானா. “திருடினது உங்க சம்சாரம். என்ன எழுதட்டும்?”

“பொருள் வீட்டுலயே இருந்துச்சுன்னு எழுதுங்க மேடம்.”

“உங்க வாக்குமூலத்தோட இதையும் மேலதிகாரிகிட்ட வெக்கிறேன். அவர் திட்டறதை ஆன்டி வந்து வாங்கிக்கணும்.”

ரமணி மெல்ல எழுந்து வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. ஆசை யாரை விட்டது? “நல்லவேளை லா, கிடைச்சிருச்சு. அப்போ அங்கிள், மண்டே கன்ஃபார்மா?”

வேலாயுதம் மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் காசு விஷயத்தில் அந்த முகத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

“அவளைக் கேளு” என்றார்.

“வேணாம் ரமணி” என்றார் இராஜம்மா. “நீயும் உங்கம்மா காசைப் போட்டிருந்தா, இன்னிக்கே போய் எடுத்துடு.”

ரமணியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அம்மா காசு அதில்தான் இருந்தது போலிருக்கிறது. “லைசென்ஸ் தேட பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நாம ரெண்டு பேருமே போவோம், வாங்க” என்று ஃபர்ஹானா அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்தது. இருவரும் பெட்ஷீட்டின் இரண்டு பக்கம் உட்கார்ந்து அரிசியை டிரம்முக்குள் அள்ளிப் போட்டார்கள். வேலாயுதத்துக்கு அள்ளவும் தெரியவில்லை. பாதி வெளியே சிந்தியது. இராஜம்மா பொறுக்கிப் போட்டார்.

“இது நமக்குக் கடைசி வரைக்கும் வருமா, ராஜம்மா?” பயம் இன்னும் அவரை விடவில்லை.

“தெரியலைங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.” ஒரு பிடி அரிசியை டிரம்முக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்: “வேலை இல்லாதவங்களும் சேமநிதியில கணக்கு திறக்கலாமாம். கேன்டீன்ல டீச்சருங்க பேசிக்குவாங்க. என் பேர்ல ஒண்ணு வேணும்.”

வேலாயுதம் அரிசி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“திங்கக்கிழமை காலையிலயே சேமநிதி ஆபீஸுக்குப் போயிடுவோம், லேட்டானா கியூ நம்பர் கிடைக்காது” என்றார். “உன் ஐசி அடையாளக் கார்டு எங்க இருக்கு? மறக்காம இப்பவே எடுத்து வை.”