டிக்கியில் ஐந்து தட்டு

மாக்ரெட் இன்னும் புஷ்பராஜுக்குக் கொடுக்க வேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.

மொத்தக் கடன் முப்பத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது. புஷ்பராஜின் த்ரீவீலுக்கு நெளிவெடுத்து, பெயின்ற் அடித்து, உடைந்த லைட்டை மாற்றிய கராஜ் பாஸ் கேட்ட கூலி அது. பின்னேரங்களில் இடியப்பம் அவித்து விற்ற காசில், சனிக்குச் சனி ஆயிரம் ரூபாயாகப் பதினாறு கிழமை கட்டியிருந்தாள். கையில் இடியப்ப உரலின் தழும்பு ஏறிவிட்டது. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோளில் ஏறுமே, அந்த மாதிரி.

த்ரீவீலை இடித்தது அவள் புருஷன் யேசுரட்ணத்தின் பழைய வெள்ளைக் கார். ஆனால் பிழை மாக்ரெட்டின் தலையில் விழுந்தது. அதற்குக் காரணம் அந்த லேன்தான்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருக்கிற லேன் ஒரு கார் அகலம். கார் போனால் கோழிகூடச் சுவரோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும். திருப்ப இடமில்லை. பின்பக்கமாகவே மெயின் ரோட்டு வரைக்கும் எடுக்க வேண்டும். ஏறுகிற ஆட்கள் லேன் முனையில் நின்றுதான் ஏறலாம். யேசுரட்ணத்துக்கு எழுபத்திரண்டு வயது, கழுத்துத் திரும்பாது. அதனால் மாக்ரெட் காருக்குப் பின்னால் நின்று டிக்கியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். முப்பது வருஷமாக இதுதான் முறை. லேனில் எல்லாருக்கும் தெரியும்.

"அவள் ஒரு தட்டுத்தான் தட்டினவள். வா எண்டால் வராமல் என்ன செய்யிறது?" என்றார் யேசுரட்ணம், த்ரீவீல் நெளிந்த அன்றைக்கு. பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. லேன் முழுவதும் நம்பியது.

மாக்ரெட் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஓம்... எனக்குத்தான் கை பிழைச்சுப் போச்சு" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு லேனில் ஒரு பட்டம். "ஆன்ட்டி, ஒரு தட்டா ரெண்டு தட்டா?" என்று மீன்காரன்கூடக் கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டே, "உனக்கு முதுகில மூண்டு" என்பாள். சிரிப்பதில் அவளுக்குக் குறைவில்லை. உள்ளே கிடந்ததை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறரைக்கே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

மருமகள் லவினாவுக்கு ஏழாம் மாதம். மகன் ஸ்ரான்லி கட்டாரில். லவினாவின் ஒபிஸ் வெள்ளவத்தையில். கோல்றோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வந்து அவள் கால் இரண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது.

"இண்டைக்கு மாமா என்னைக் காரில கொண்டுபோய் விடுறாராம். நேற்றே கேட்டிட்டன்" என்றாள் லவினா.

மாக்ரெட் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். "வேண்டாம் பிள்ளை. புஷ்பராஜின்ர த்ரீவீலில போ. காசு நான் தாறன்."

"ஏன் மாமி?"

"வேண்டாம் எண்டால் விடன்."

"ரெண்டு வருஷமாப் பாக்கிறன். காலமையில அந்தக் கார் வாசலை விட்டு அசையக்கூடாது உங்களுக்கு. கேட்டால், காலமை காரில ஏறினால் குமட்டிச் சத்தி வருமாம். சத்தி வாறது உங்களுக்கு. நான் போறதுக்கு உங்களுக்கு என்ன?" லவினாவின் குரல் உடைந்தது. "உங்கட வயித்தில பிறந்த பிள்ளையா இருந்தால் இப்பிடி பஸ்ஸில தொங்க விடுவீங்களா..."

மாக்ரெட்டுக்குக் கண் நிரம்பியது. வாய் திறக்கவில்லை.

திறக்க முடியாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த சத்தியம் அது.

யேசுரட்ணம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பத்திரண்டு வருஷத்தில் பாதி நைட் ஷிப்ட். விடியும்வரைக்கும் கொட்டாவி விடாத மனிதன் என்பதால் 'பருந்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். பென்ஷன் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. கட்டிலில் படுத்தால் நித்திரை வரவில்லை. ஒரு டொக்டர் இரண்டு கிழமைக்கு நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு கிழமை ஒன்பது வருஷமாக நீண்டுவிட்டது. டொக்டர் எழுதிய பழைய துண்டைக் காட்டினால் ஒரு மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு குளிசை ஒன்றரை ஆனது. ஒன்றரை இரண்டானது.

"பருந்து குளிசை போட்டுத்தான் படுக்கிறான் எண்டு துறைமுகத்து ஆக்கள் சிரிக்கிறதுக்கோ? ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாக்ரெட் ஒன்றைக் கவனித்தாள். காலையில் எழும்பி, முகம் கழுவி, பேப்பர் வாசித்துக்கொண்டு முழிப்பாகத்தான் இருப்பார். ஆனால், "இந்தாங்கோ தேத்தண்ணி" என்று நீட்டினால் கை கொஞ்சம் பிந்தி வரும். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் கேட்கும். பத்து மணிக்குப் பிறகு பழைய மனிதன். அதற்காகத்தான் அவளுக்குக் காலையில் சத்தி வரத் தொடங்கியது. அந்தப் பொய்யால் ஹெந்தளையில் தங்கச்சி றோஸியின் மகளுடைய கல்யாணப் பூசைக்குக்கூடக் காரில் போகவில்லை. பஸ்ஸில் போய், தாலி கட்டி முடிந்த பிறகு நுழைந்தாள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட றோஸி இன்னும் கதைப்பதில்லை. அந்தப் பொய்யையும் மீறி அவர் காலையில் கார் எடுத்த ஒரு நாள்தான் த்ரீவீல் நெளிந்தது.

"என்ன அங்க சத்தம்? நான் ரெடி" என்று யேசுரட்ணம் கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு வந்தார். சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். மருமகளைக் கொண்டுபோகிற பெருமை முகத்தில். "மாக்ரெட், பின்னால வந்து நில். இந்த முறை ஒழுங்காத் தட்டு."

மாக்ரெட் முற்றத்துக்கு இறங்கினாள். சத்தியத்தை மீறவும் முடியாது. இந்த மனிதனை அந்த வயிற்றுப் பிள்ளையோடு கோல்றோட்டில் விடவும் முடியாது. அப்போதுதான் முற்றத்து மூலையில் இருந்த நீல நிறத் தண்ணிப் பரல் கண்ணில் பட்டது.

"சரி. தட்டுறன்" என்றாள். "லவினா, நீயும் வந்து புஷ்பராஜின்ர வீட்டுப் படியில ஏறி நில். கீழ இறங்காதை. நான் எத்தினை தரம் தட்டுறன் எண்டு எண்ணு. சத்தமா எண்ணாதை, மனசுக்குள்ள எண்ணு."

"எதுக்கு மாமி?"

"எண்ணு. மாமா சரியா நிப்பாட்டினால் நீ காரில போ. நான் இனி வாய் திறக்க மாட்டன். எனக்கும் அதுதான் ஆசை."

யேசுரட்ணம் காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு மாக்ரெட் பரலைச் சரித்து விளிம்பில் உருட்டிக்கொண்டு போய் லேனின் நடுவில், புஷ்பராஜின் படிக்கு நேரே நிறுத்தினாள். அரைப் பரல் தண்ணீர் அதில் இருந்தது. புஷ்பராஜ் பல்லுத் தூரிகையோடு வெளியே வந்து, "என்ன ஆன்ட்டி, லேனுக்குக் குறுக்க கிணறு வெட்டுறீங்களோ?" என்றான்.

"பேசாமல் நில் தம்பி. நீயும் எண்ணு."

கார் உறுமியது. மாக்ரெட் டிக்கியில் ஒரு தட்டுத் தட்டினாள். கார் மெதுவாகப் பின்னால் வந்தது. அவளும் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நடந்தாள். பரலுக்கு இன்னும் ஆறு அடி இருக்கும்போது இரண்டு தட்டு.

நில் என்று அர்த்தம். கார் நிற்கவில்லை.

கை வலிக்க இன்னும் இரண்டு தட்டு. கார் வந்துகொண்டேயிருந்தது. அந்தோனியாரே, நிப்பாட்டட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு கடைசியாக ஒன்று ஓங்கித் தட்டிவிட்டு, வாசல் இடுக்குக்குள் ஒதுங்கினாள்.

பரல் சரிந்தது. தண்ணீர் முழுவதும் எழும்பிப் புஷ்பராஜின் மேல் கொட்டியது. வெறும் பரல் லேன் முனைவரைக்கும் உருண்டு ஓடி, பேக்கரி வாசலில் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் கார் நின்றது.

யேசுரட்ணம் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். "பாத்தீங்களா! திரும்பவும் வா எண்டுதான் தட்டினவள்."

"வெளிக்கிட்ட பிறகு எத்தினை தட்டு கேட்டது உங்களுக்கு?" என்றாள் மாக்ரெட்.

"ஒண்டு."

லவினா படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரல் நின்ற இடத்தைப் பார்த்தாள். "அஞ்சு மாமா" என்றாள். "முதல் ரெண்டு. பிறகு ரெண்டு. கடைசியா ஒண்டு. நான் எண்ணினனான்."

"அஞ்சுதான் அங்கிள்" என்றான் புஷ்பராஜ், வாயிலிருந்த பேஸ்ட்டோடு. "ஆறாவது என்ர தலையில விழுந்தது."

யேசுரட்ணம் எஞ்சினை நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மாக்ரெட்... அண்டைக்கும்?"

"அண்டைக்கும் அஞ்சுதான்."

"ஏன் நீ சொல்லேல்ல?"

"அஞ்சு எண்டு சொன்னால், ஏன் கேக்கேல்ல எண்டு ஆக்கள் கேப்பினம். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை. நீங்கள்தான் சத்தியம் வாங்கிப்போட்டீங்களே."

அவர் காரை விட்டு இறங்கவும் இடமில்லை. இருபக்கமும் சுவர். கதவு நாலு விரல் அகலம்தான் திறந்தது. உள்ளே இருந்தபடியே, லேன் முழுவதும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சத்தியம் வாங்கினவன் நான். நானே அவிழ்க்கிறன். ஒன்பது வருஷமா நான் நித்திரைக் குளிசை போடுறனான். இப்ப ரெண்டு. காலமையில தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி ஒண்டு கிடக்கும். வயசாக்கும் எண்டு இருந்தனான். பருந்தாம் பருந்து... பொண்டாட்டி அஞ்சு தரம் தட்டினது கேக்காத பருந்து."

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. இன்னொன்றும் திறந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மேல்மாடியிலிருந்து சவுந்தரநாயகம் மாஸ்டர் மட்டும், "நான் பதினொரு வருஷமாப் போடுறன், அண்ணை" என்றார் மெதுவாக. அவரும் கார் வைத்திருக்கிற மனிதர்.

லவினா படியை விட்டு இறங்கி வந்தாள். "மாமி, அப்ப அந்தச் சத்தி...?"

"எனக்கு எங்க பிள்ளை சத்தி? இந்த மனிசனுக்குப் பத்து மணிக்குத்தானே விடியுது. அதுவரைக்கும் என்னத்தையாவது சொல்லி வீட்டில வச்சிருக்க வேணும்."

"றோஸி ஆன்ட்டியோட கோவம்... பதினாறு கிழமை இடியப்பம்... எல்லாம் இதுக்காகவா? நான் வேற உங்களை வாயில வந்தபடி..." லவினா மாமியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். வயிறு இடையில் நின்றதால் சரியாகக் கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை. பக்கவாட்டில் நின்று பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது.

"பார், இதுவும் தட்டுது" என்றாள் மாக்ரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது எத்தினை எண்டு நீ எண்ணு."

அன்று லவினா த்ரீவீலில் ஒபிஸ் போனாள். ஈரச் சேட்டை மாற்றிக்கொண்டு புஷ்பராஜ்தான் கொண்டுபோய் விட்டான். போவதற்கு முன்னால் யேசுரட்ணம் அவனைக் கூப்பிட்டு, புது ரயருக்கு என்று சேர்த்து வைத்திருந்த சல்லியில் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பதை எண்ணிக் கையில் வைத்தார்.

"உன்ர கடன் முடிஞ்சுது. ஓடாத காருக்கு ரயர் எதுக்கு? இனி நான் கட்ட வேண்டியது இவளுக்கு, பதினாறாயிரம்."

"என்னட்டக் காசாத் தர வேண்டாம்" என்றாள் மாக்ரெட். "கை நோகுது. உரலைப் பிழியுங்கோ. கிழமைக்கு ஆயிரம் கழிக்கிறன்."

அந்தக் கிழமையே டொக்டரிடம் போனார்கள். லவினாவும் கூடப் போனாள். குளிசைப் பெட்டியைப் பார்த்துவிட்டு டொக்டர் ஏசவில்லை.

"வயசு போன உடம்பிலயிருந்து இந்த மருந்து லேசில வெளியேறாது, ஐயா. ராத்திரி போட்டது காலமையும் உள்ள நிக்கும். முழிப்பா இருக்கிறன் எண்டுதான் உங்களுக்குத் தெரியும். பிரேக்குக்குப் போற கால்தான் பிந்தும். அதுக்காக நாளைக்கே நிப்பாட்டிப் போடாதேங்கோ, அதுவும் கூடாது. நான் சொல்ற கணக்கில கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். அதுவரைக்கும் திறப்பு அம்மாட்ட இருக்கட்டும்."

"இந்த மனிசி முதலே டொக்டர் வேலைதான் பாத்தவள்" என்றார் யேசுரட்ணம். "சத்தியை மருந்தா எழுதித் தந்தவள்."

பின்னேரங்களில் அவர் கையில்லாத பெனியனோடு இடியப்பம் பிழிந்தார். முதல் கிழமை நூல் நூலாக வராமல் கட்டி கட்டியாக விழுந்தது. "இது இடியப்பமா, கொழுக்கட்டையா?" என்று வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். கிரேன் ஓட்டிய கை, பழகிக்கொண்டது. குளிசை குறைந்த முதல் நாட்கள் கஷ்டம்தான். விடியும்வரைக்கும் புரண்டார், காரணமில்லாமல் ஏசினார். மாக்ரெட் ஏச்சை எண்ணிக்கொண்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை. பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் இரண்டு பேரும் நடந்தார்கள். நூற்றைம்பது இடியப்பம் பிழிந்தவனுக்கு நித்திரை தானாக வரும் என்று மேல்மாடி மாஸ்டர் சொன்னார். அவரும் அதே டொக்டரிடம் துண்டு எடுத்திருந்தார்.

மாக்ரெட் பஸ் ஏறி ஹெந்தளைக்குப் போய் றோஸியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "சொல்லியிருந்தால் நான் தாலி கட்டுறதைப் பத்தரைக்கு வச்சிருப்பனே" என்று றோஸி அழுதாள். அழுது முடித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சோறு போட்டாள்.

பதினாறாவது சனிக்கிழமை, பிள்ளைக்கு ஞானஸ்நானம். பெண்பிள்ளை, பிறந்து ஒரு மாதம். ஸ்ரான்லி கட்டாரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தான். றோஸி வீட்டு ஆட்கள் வெள்ளியே வந்துவிட்டார்கள். விடியற்காலையில் முந்நூறு இடியப்பம் பிழிந்தவர் யேசுரட்ணம். கடைசித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பதினாறாயிரம்?"

"சரி" என்றாள் மாக்ரெட். "முடிஞ்சுது. இனி நீங்கள் எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்லை."

காலை எட்டு மணி. காரை ஓட்டப் புஷ்பராஜ் வந்து ஏறினான். பட்டுச் சேலையோடு மாக்ரெட் அவனுக்கு முன்பே ஓட்டுகிற பக்கத்துக் கதவால் ஏறி, மற்ற முன் ஸீட்டுக்கு நகர்ந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு காலை வெயிலில், காரில். லேன் முனையில் லவினா பிள்ளையோடு காத்து நின்றாள். காருக்குப் பின்னால் புதுச் சேட்டோடு யேசுரட்ணம் நின்றார்.

"அங்கிள், ஒரு தட்டா ரெண்டு தட்டா?" என்று கத்தினான் புஷ்பராஜ்.

அவர் டிக்கியில் ஒன்று தட்டினார். கார் பின்னால் வந்தது. லவினா நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னால், இரண்டு தட்டினார்.

கார் அந்த இடத்திலேயே நின்றது.