விரலை எடுக்காதீங்க

விரல்ரேகைக் கருவியின் கண்ணாடியில் எண்ணெய் படிந்திருந்தது.

மணிமொழி அதைக் காலையில்தான் துடைத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டர் மையத்துக்குள் ஈ, காக்கா நுழையவில்லை. விடியற்காலையில் இறங்கிய மேகம் மதியம் இரண்டு மணியாகியும் வெள்ளிமலைக் கடைத்தெருவை விட்டு நகராமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நிற்க, சாரல் உள்ளே அடிக்கிறதே என்று முன்கதவைக்கூடச் சாத்தித்தான் வைத்திருந்தாள். 'நான்தான் கைபட்டுத் தொலைச்சிருப்பேன்' என்று துப்பட்டா முனையால் மறுபடி துடைத்தாள். துப்பட்டாவில் விளக்கெண்ணெய் நாறியது. அவள் தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பதில்லை.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. எதிரில் கம்ப்யூட்டர் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

காலையில் ஸ்விட்சைப் போட்டு முதல்முறை திறந்தால் நல்ல பிள்ளையாகத்தான் திறக்கும். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும். எழுப்பினால் திரை உடனே வெளிச்சமாகும். ஆனால் ரேகைப் பதிவு புரோகிராமை அழுத்தினால் அந்த நீல வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பு இரண்டு மூன்று நிமிடத்தில் வழிக்கு வரும். இந்த ஒரு மாதமாகப் பதினோரு நிமிடம். கைபேசியில் நேரம் வைத்தே பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பதினொன்று. தூக்கமே வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றினாள், அப்படியும் தூங்கியது. ரேமைக் கழற்றிப் புதிது போட்டாள். எழுந்து பதினோரு நிமிடம் சுற்றியது.

மையத்தின் முதலாளி ராஜாங்கம் நேற்று வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே கத்தினார். "திங்கக்கிழமையும் இதே கதைன்னா, மூட்டையக் கட்டிக்கினு நைனார்பாளையத்துக்கே போயிடும்மா. நான் வேற ஆளப் போட்டுக்கிறேன்."

நைனார்பாளையத்தில் அவள் வீடு ஓடுவதே இந்தச் சம்பளத்தில்தான்.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்சலைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாக்கா, இன்னும் எழுந்திரிக்கலியா? மாமியார் வூட்டுக்கு வந்த மாப்ள மாரி கீதே உன் மிஷினு!"

"கடுப்பேத்தாத அப்சல். பொழப்பே போவப்போவுது."

"சரி, சரி. தூங்கி எழுந்ததும் அது இன்னா பண்ணும்னா, முன்ன மாட்டியிருந்த சாமானெல்லாம் கீதான்னு ஒவ்வொண்ணா கூப்ட்டுப் பாக்கும். எதனா ஒண்ணு பதில் குடுக்கலைன்னா, அதுக்காகக் காத்துக்கினே நிக்கும். லிஸ்ட்டத் தொற. மாட்டாத சாமான் எதனா மங்கலா தெரியுதா?"

தெரிந்தது. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், புது ரேகைக் கருவி. அடியில் மங்கலாக இன்னொன்று. பழைய ரேகைக் கருவி. இணைப்பில் இல்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அது... அதத் தூக்கிப் போட்டாச்சு."

"அப்ப லிஸ்ட்லேர்ந்தும் தூக்கு. அதுக்காகத்தான் காத்துக்கினு கீது."

ஒரு மாதமாக அவள் நினைக்காமல் தள்ளி வைத்திருந்த சின்னக்கண்ணு தாத்தா நினைவில் வந்து நின்றார். உச்சிக் கிராமத்திலிருந்து நடந்தே வருவார். உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை பெருவிரல் வைத்தால்தான் முதியோர் பணம். சாமை அறுத்தும் மண் கொத்தியும் ரேகை தேய்ந்துபோன விரல். குறுக்கே அரிவாள் வெட்டு வேறு. கருவி ஏற்கவே ஏற்காது. எண்ணெய்ப் பசை ஏறினால் சில சமயம் ரேகை எடுபடும் என்று, "தலையில தேச்சுட்டு வைங்க தாத்தா" என்பாள். விளக்கெண்ணெய் வழியும் தலையில் தேய்த்துவிட்டு வைப்பார். மூன்று முறை ரேகை எடுபடாமல் திரும்பிப்போய், நான்காவது முறை அவர் வந்த அன்றும் மிஷின் தூங்கி எழுந்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அவர் பெருவிரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தி, "நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

"சரி தாயி" என்றார் அவர்.

திரும்பி வந்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தார். விரலை எடுக்கவில்லை. உயிர்தான் இல்லை.

அந்த விரலை ராஜாங்கம்தான் கண்ணாடியிலிருந்து பிரித்தார். கருவியைச் செய்தித்தாளில் சுற்றிப் பின்பக்கப் பள்ளத்தில் வீசினாள் மணிமொழி. "பதினோரு நிமிஷம் அந்த மனுசன ஒண்டியா உட்டுட்டுப் போயிருக்கியே" என்று கேமராவைப் பார்த்துவிட்டு ராஜாங்கம் திட்டியது நினைவுக்கு வந்தது.

பதினோரு நிமிடம். இப்போதுதான் உறைத்தது.

"அக்கா, லைன்ல கீறியா?"

"கீறேன்." பெயரை அழுத்தினாள். நீக்கு. ஆம். மங்கலான வரி மறைந்தது.

"இப்பத் தூங்க வெச்சு எழுப்பிப் பாரு."

தூங்க வைத்தாள். விசிறிச் சத்தம் அடங்கியது. தகரக் கூரையில் சாரல் விழுவதும், எங்கோ ஓர் ஓட்டையில் நீர் சொட்டுவதும், அவள் நாற்காலி கிறீச்சிடுவதும் தனித்தனியாகக் கேட்க, ஈரத் துணியும் சேறும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை காலடியிலிருந்து மெதுவாக மேலே ஏறியது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கீபோர்டைத் தட்டினாள். திரை விழித்தது. புரோகிராமை அழுத்தினாள்.

உடனே திறந்தது.

"அப்சல்! தொறந்துடுச்சு! ஒரே செகண்டு!"

"பாத்தியா! பிரியாணி வாங்கி வெய்யிக்கா!"

ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். சிரித்தபடியே லிஸ்ட்டைப் பார்த்தாள்.

"அப்சல்... அழிச்சது மறுபடியும் வந்துகீது. மங்கலா இல்ல. இணைப்புல இருக்குங்குது."

"அப்ப மாட்டி வெச்சிகீற. தூக்கிப் போட்டேன்னது பொய்யா? நல்லாத் தேடுக்கா. அதோட வயரு மூணடிதான். பக்கத்துலதான் கீ—"

மலையில் வழக்கம்போல் சிக்னல் போய்விட்டது.

திரையில் ஒரு ரேகை வரத் தொடங்கியது. கீழிருந்து மேலாக. தேய்ந்த கோடுகள். குறுக்கே ஒரு வெட்டு.

ரேகை பொருந்தியது. சின்னக்கண்ணு. உயிருடன் உள்ளார்.

மேசை மேல் புதுக் கருவி. அதில் வெளிச்சம் இல்லை. யாரும் இல்லை.

கம்ப்யூட்டரின் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். ஒரு வயர். ஈரமாக இருந்தது. சேறாக இருந்தது. கீழே இறங்கியது.

மூன்றடி.

குனிந்தாள்.

மேசைக்கடியில் சிவப்பு வெளிச்சம். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில். வெளிச்சத்தின் மேல் ஒரு பெருவிரல். அழுத்திக்கொண்டு. அசையாமல். நகத்தின் வழியே சிவப்பு கசிந்தது.

சொல்லவேயில்லை. விரலை எடுக்கலாம் என்று அன்று அவள் சொல்லவேயில்லை.

"எ... எடுத்துடுங்க தாத்தா."

விரல் எழுந்தது.

திரை ஒருமுறை மின்னியது. அடுத்தவர் விரலை வைக்கவும்.

கருவி தரையோடு தரையாக அவள் பக்கம் நகர்ந்து வந்தது. தொங்கிக்கொண்டிருந்த அவள் கையை ஒரு கை பிடித்தது. சில்லென்று. எண்ணெய்ப் பிசுக்கோடு. பெருவிரலை மட்டும் பிரித்தது. கண்ணாடியில் வைத்து அழுத்தியது.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்காத தாயி."

மேலே, நீல வட்டம் சுற்றத் தொடங்கியது.