மேலே இருந்த சுவிட்ச்

"என் தம்பிய என் புருஷன் சாகடிச்சாரா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும், ஐயா" என்றாள் காளியம்மா.

சிவசம்பு கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சாட்சிகளின் பேச்சில் பொருந்தாத ஒரு சொல்லைப் பிடித்துவிடுவார் என்று ஊரில் பேர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் சபாபதி கம்பவுண்டர் அதற்குள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"முதலிலேயிருந்து சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார் சிவசம்பு.

அவள் கணவன் அய்யாவு மின்சாரக் கம்பி வேலைக்காரன். தம்பி கனகராஜ் அவனுடனேயே வேலை செய்தவன். தெப்ராவ் சாலையில் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர் சோமசேகரத்தின் பழைய பலகை வீட்டில் இருவருக்கும் வேலை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒயர். மேலிருந்த ரப்பர் தொட்டாலே உதிர்ந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஈய உறை போட்ட புது ஒயர் இழுக்க வேண்டும். ஒன்பது நாளைக்கு முன் மாலை நான்கு மணிக்கு, கொட்டும் மழையில், பின்கட்டு நடையில் ஏணிமேல் நின்று ஒரு பழைய ஒயரை வெட்டிய கனகராஜ் ஷாக் அடித்து விழுந்து இறந்தான்.

"கூடத்துல வேலையா இருந்த இவரு ஓடிப் பாத்துட்டு, திரும்பி வந்தா மெயின் சுவிட்ச் மேல தூக்கி, ஆன்ல இருந்துச்சாம். 'இறக்க மறந்துட்டேன், நான்தான் கொன்னுட்டேன்'னு போலீஸ்லயே சொல்லிட்டாரு. இறக்கினது ஞாபகம் இருக்கான்னு கேட்டா, தம்பி மொகந்தான் ஞாபகம் வருதுங்குறாரு. அன்னையிலேர்ந்து நான் அவர்கிட்ட பேசல. சோறு மட்டும் வைக்கிறேன். திங்கக்கிழமை விசாரணை."

அன்று மத்தியானமே சிவசம்புவும் சபாபதியும் தெப்ராவ் சாலைக்குப் போனார்கள். வேலை நின்றது நின்றபடி கிடந்தது. கூடத்தின் நடுவே பழைய பல்பு இன்னும் தொங்கியது. சுவரில் மெயின் சுவிட்ச் பெட்டி. அதன் பலகை விளிம்பில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. சபாபதி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மெழுகு. செத்தவனுக்காக யாராவது ஏத்தி வச்சிருப்பாங்க" என்றார்.

"இருக்கலாம்" என்றார் சிவசம்பு.

சோமசேகரம் மரியாதையாகவே பேசினார். இளைத்துப் போயிருந்தார்; கண்கள் குழி விழுந்திருந்தன.

"அண்டைக்கு நல்ல மழை. ஜன்னல் எல்லாத்தையும் சாத்திப்போட்டுப் பின்னறையிலை பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தனான். தொப்பெண்டு சத்தம் கேட்டுது. வந்து பாத்தா அவன் கிடக்கிறான். பாவம்."

சிவசம்பு தலையசைத்தார். பிறகு வீட்டின் பின்புறம் ஒரு சுற்று நடந்தார். பல ஆண்டுகளாகச் சாயம் பூசாத பலகைச் சுவரில், பின்னறைக்கு நேரே ஒரு சிறு ஓட்டையை மட்டும் புதிதாக மக்குப் பூசி அடைத்திருந்தது. வேலிக்கு அப்பால் அரசாங்கக் கிடங்கு ஒன்று. வேலி ஓரப் புல்லை விலக்கிப் பார்த்தார். வெட்டிய ஒயரின் முனை ஒன்று பளபளத்தது.

"சபாபதி, அய்யாவுவையும் காளியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ."

ஒரு மணி நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அய்யாவு கூடத்துக்குள் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றான். காளியம்மா அவனைப் பார்க்கவில்லை.

"இந்த மெழுகுவத்தி யார் கொளுத்தினது?" என்று சிவசம்பு கேட்டார்.

அய்யாவு யோசித்தான். "நான்தான். மழையில கூடம் இருட்டாயிருச்சு. ஒயர் முனை தெரியல."

"தலைக்கு மேலே பல்பு தொங்குது. சுவிட்ச் மேலே இருந்திருந்தா பல்பைப் போட்டிருப்பீர். மெழுகுவத்தி கொளுத்தினீர் எண்டால் அந்த நேரம் வீட்டிலே கரண்ட் இல்லை. மெயினை நீர் இறக்கித்தான் இருந்தீர்."

அய்யாவு வாசலைத் தாண்டி ஓரடி உள்ளே வந்தான். "அப்ப அவனுக்கு எப்படி…"

"அதைத்தான் ஐயாவிடம் கேக்கவேணும்." சிவசம்பு சோமசேகரத்தின் பக்கம் திரும்பினார். "கூடத்திலே ஒயர் முனை தெரியாத இருட்டு. நீங்கள் ஜன்னலைச் சாத்திப்போட்டுப் பேப்பர் வாசிச்சிருக்கிறீங்கள். எந்த வெளிச்சத்திலே?"

சோமசேகரத்தின் கண் பின்னறைப் பக்கம் போனது.

"பின்னறைக்குக் கரண்ட் இந்த மெயினாலே வரவில்லை. கிடங்கிலேயிருந்து வேலிக்குக் கீழாலே வந்தது. கனகராஜ் வெட்டினது அந்த ஒயரை. அய்யாவு ஏணியடிக்கு ஓடின நேரம், இறக்கியிருந்த சுவிட்சை மேலே தூக்கக் கூடத்திலே வேறே ஒருத்தரும் இல்லை. உங்களைத் தவிர."

சோமசேகரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ரை மனுசிக்கு நெஞ்சு வருத்தம். ராவும் பகலும் விசிறி வேணும். பழைய ஒயர் தாங்கேல்லை, பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ரகசியமா ஒரு ஆளைப் பிடிச்சு அந்த லைனை இழுப்பிச்சன். அவ செத்து நாலு வருஷம். களவு லைன் எண்டு ஆரிட்டைச் சொல்லிக் கழட்டுறது? இவங்கள் வேலைக்கு வந்த அண்டைக்கே சொல்ல நினைச்சனான். வெக்கமா இருந்தது." குரல் இறங்கியது. "களவு லைன் வெளியிலை தெரியக்கூடாதெண்டு சுவிட்சை மேலே தூக்கினது நான்தான். இவர் பழியைத் தானா எடுத்தபோதும் பேசாமல் நிண்டனான். அதுக்குப் பிறகு நித்திரையே இல்லை."

"சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கோ. போலீசிலே நீங்களே சொல்லுறது நல்லது" என்றார் சிவசம்பு.

சோமசேகரம் உள்ளே போனார். சபாபதி மகிழ்ச்சியோடு அய்யாவுவின் தோளைத் தட்டினார். "உங்க மேல தப்பே இல்ல. இனிமே நிம்மதியா இருக்கலாம்லா."

அய்யாவு தலையைத் தூக்கவில்லை.

"மெயின இறக்கினேன், சரி. ஆனா அவன ஏணியில ஏத்துறதுக்கு முன்னால ஒவ்வொரு ஒயர்லயும் கரண்ட் இருக்கான்னு சோதனை விளக்கு வச்சுப் பாக்கணும். அதுதான் முறை. விளக்கு என் பையிலதான் இருந்துச்சு. பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிரலாம்னு எடுக்கல."

சபாபதியின் கை தானாக இறங்கியது.

காளியம்மா ஒன்பது நாளில் முதல் முறையாகக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அந்த விளக்க ஏன் எடுக்கலன்னு நாந்தான் கேக்கணும்" என்றாள். "வீட்டுல வச்சுக் கேக்குறேன். வாங்க."