ரம்பத்துக்கு நேரே நிற்பவர்கள்

காலை ஏழே கால் மணிக்கு ஒரு கற்பூர மரப் பலகை பட்டறையிலிருந்து கிளம்பி, தகரத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பிலிருந்த சர்க்கரைவள்ளிக் கஞ்சியைக் கவிழ்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் முட்டி நின்றது.

லான்யிங் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பலகை போன பாதைக்கும் அவள் காதுக்கும் நடுவே இரண்டு சாண் இடம் இருந்தது. முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க!" என்று பட்டறைக்கு ஓடினாள்.

வட்ட ரம்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கணவன் தெச்சாங் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பலகை உரசிப்போன இடம் தோசைக்கல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. ரம்பத்தை நிறுத்திவிட்டு அதன் பின்பக்கம் பார்த்தாள். அங்கே இருக்க வேண்டிய இரும்புத் தகடு இல்லை.

சுறா மீனின் துடுப்பு போல ரம்பத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சின்னத் தகடு அது. அறுபட்ட மரம் மறுபடி ஒட்டிக்கொண்டு பல்லைக் கவ்வாமல் பிளவை விரித்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. கவ்வினால் ரம்பம் மரத்தைத் தூக்கி, நேரே நிற்பவன் வயிற்றில் வீசும். பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கும்போது மட்டும் தகட்டைக் கழற்ற வேண்டும். தெச்சாங் காடி எடுக்கக் கழற்றுவான், காடி முடியும், தகடு அலமாரியில் ஓய்வெடுக்கும். மறுநாள் விடியலில் லான்யிங் ஸ்பானரோடு வந்து மாட்டுவாள். பதினோரு வருஷமாக இந்தத் தாம்பத்தியம் ஒழுங்காக நடந்துவருகிறது.

"நேத்து காலையிலதானே மாட்டினேன்... இன்னிக்கு ஒரு நாள் கஞ்சி வைக்க நேரமாயிடுச்சுன்னு விட்டா..."

"சத்தம் போடாத. அம்மா வர்றாங்க" என்றான் தெச்சாங்.

மாமியார் யூகுய் வந்தாள். மகனின் இடுப்பைப் பார்த்தாள், கிழிந்த தகரத்தைப் பார்த்தாள், நேராக ரம்ப மேஜையின் மூலைக்குப் போனாள். அங்கே பச்சை உறையில் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருந்தது. தைவான் வழக்கப்படி, இயந்திரம் அடங்கி நடக்க வேண்டுமென்று வைத்தது. பச்சை விளக்கு போல, தடையில்லாமல் ஓடப் பச்சைதான் வைக்க வேண்டும். யாரும் தின்னக் கூடாது. முக்கியமாக, தேதி தாண்டக் கூடாது. யூகுய் பொட்டலத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"எட்டு நாளாச்சு!" என்று அலறினாள். "தேதி முடிஞ்சு எட்டு நாளாச்சு! டேய் வென்போ, இங்க வா! உன் அண்ணி பண்ணின காரியத்தைப் பாரு!"

மாடியிலிருந்து கொழுந்தன் வென்போ பல் தேய்த்தபடி இறங்கி வந்தான். தைச்சுங் நகரில் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் இன்ஜினியர். வீட்டில் அறிவியலுக்கு அவன்தான் பொறுப்பு.

"எட்டு நாளா?" நுரையோடு அதிர்ந்தான். "எங்க ஃபேக்டரில ஒரு நாள் தாண்டினாலே விசாரணை வைப்பாங்க அண்ணி. தைவான் முழுக்க சர்வர் எல்லாம் எப்படி ஓடுதுன்னு நினைச்சீங்க?"

"மின்சாரத்துல ஓடுதுன்னு நினைச்சேன்" என்றாள் லான்யிங்.

"வாயைப் பாரு வாயை!" யூகுய் மார்பில் அடித்துக்கொண்டாள். "பொட்டலம் மாத்துறது மருமக வேலை. அது ஒண்ணுதானே கேட்டேன்? அதுமட்டுமா... விடியக்காலையில இவ ஸ்பானரை எடுத்துக்கிட்டு மெஷின்கிட்ட போறதை என் கண்ணால பார்த்திருக்கேன்டா! ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. நல்லா ஓடுற மெஷினை நோண்டி நோண்டி... என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியேடி!"

மாமனார் இறந்தபோது, ரம்பத்துக்குப் பின்னால் நின்று அறுபட்ட மரத்தை வாங்க ஆளில்லை என்று ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவள் லான்யிங். முன்னோர்களை வைத்துக் கும்பிடும் பூஜை மேஜைகள் எத்தனை! இந்த ஊரில் பாதி வீட்டு முன்னோர்கள் அவள் கை வாங்கிய பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பானர் விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தம்பிக்கும் முன்னால் தெச்சாங் தலை குனியக் கூடாது என்பதற்காகவே சொன்னதில்லை.

கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் எதுக்கு ஸ்பானர் எடுக்கிறேன்? நீங்களே சொல்லுங்க."

தெச்சாங் தன் செருப்பைப் பார்த்தான். செருப்பு ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்கங்க..."

"இப்ப எதுக்கு அதெல்லாம்... ஏதோ நடந்துபோச்சு" என்றான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் யூகுய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி" என்றாள். "இந்த வீட்டுல என்னைவிடச் சோளப்பொரிக்கு மதிப்பு ஜாஸ்தி. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"போ! மெஷினைத் தொடாம போ!" என்றாள் யூகுய். "வென்போ, புதுசு வாங்கிட்டு வா. பச்சை! மஞ்சள் எடுத்துட்டு வந்து நிக்காத!"

லான்யிங் மாடியில் பெட்டியை அடுக்கினாள். இரண்டு உடுப்பு, மருந்து, ஒரு துண்டு. பதினோரு வருஷம் ஒரு சின்னப் பெட்டியில் அடங்கியது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்கலாம். கீழே ஊதுபத்தி வாசனை. புதுப் பொட்டலத்துக்கு வரவேற்பு நடக்கிறது. அப்புறம் ரம்பம் உறுமத் தொடங்கியது.

பெட்டியோடு இறங்கி வந்தவள் பட்டறை வாசலில் நின்றுவிட்டாள்.

தெச்சாங் அதே ஈரக் கற்பூர மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். தகடு இன்னும் அலமாரியில்தான். மாட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே! இந்த முறை புத்தியாக ஓரமாக விலகி நின்றிருந்தான். அவன் விலகிய இடத்தில், ரம்பத்துக்கு நேர் எதிரே, கண்ணை மூடிக்கொண்டு, ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்தி, இயந்திரத்தை வணங்கிக்கொண்டிருந்தாள் யூகுய்.

மரம் பாதி அறுபட்டதும் சத்தம் மாறியது. உறுமல் கீச்சென்று இறுகியது. லான்யிங்குக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அத்தை!"

கத்தினால் அத்தை நகர மாட்டாள். மருமகள் சொல்லி அவள் நகர்ந்த வழக்கமே இல்லை. லான்யிங் பாய்ந்தாள். ஒரு கையால் யூகுயின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மறு கையிலிருந்த பெட்டி தானாக முன்னால் வந்தது.

டமால்!

இருவரும் மரத்தூள் குவியலில் விழுந்தார்கள். தெச்சாங் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தான். ரம்பம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. பெட்டியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது பலகை. நுனியில் அவளுடைய துண்டு தொங்கியது.

யூகுய் அந்தப் பெட்டியையே பார்த்தாள். தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"வென்போ..." குரல் எழும்பவில்லை. "புதுப் பொட்டலத்துல தேதி என்ன?"

வென்போ படித்தான். "இன்னும் ஏழு மாசம் இருக்கும்மா."

"பச்சைதானே?"

"பச்சைதான்."

தெச்சாங் மெதுவாக அலமாரிக்குப் போனான். தகட்டை எடுத்து வந்து அம்மா முன்னால் மண்டியிட்டான்.

"நான்தாம்மா... இது இருந்தா மரம் திரும்பி வராது. நான் தினம் கழட்டுவேன். அவ தினம் மாட்டுவா. அப்பா காலத்துல இதெல்லாம் கிடையாது, எனக்குத் தெரியாதாங்கிற திமிரு... அதுக்குத்தான்மா அவ ஸ்பானர் எடுத்தது. கேட்டப்பகூட நான் வாயைத் திறக்கல..."

"பதினோரு வருஷமாவா?"

"பதினோரு வருஷமா."

யூகுய் ஊதுபத்திக் குச்சிகளாலேயே மகன் தோளில் நாலு போட்டாள். பிறகு மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "என்னைப் பெத்தவளே... உன்னையா கொலைகாரின்னு சொன்னேன்... நாக்கு அழுகிப் போகாதா எனக்கு..."

லான்யிங்குக்கும் இப்போது கண்ணீர் வந்தது. மணிக்கட்டு வேறு வீங்க ஆரம்பித்திருந்தது. மாமியாரின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழுங்க அத்தை, நல்லா அழுங்க. ஆனா மெஷினுக்கு நேரா நிக்காம, இந்தப் பக்கம் வந்து அழுங்க."

மணிக்கட்டு வீக்கம் வடிய ஒன்பது நாளானது. பத்தாம் நாள் காலை யூகுய் தன் கையாலேயே தகட்டை மாட்டினாள். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மருமகளிடம் மூன்று முறை கேட்டாள். திருகியபின் அசைத்துப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்து, "நீ பின்னாடி போ" என்றாள்.

"நானா? பின்னாடியா? அம்மா, நான் இந்தப் பட்டறை முதலாளி..."

"முதலாளி பின்னாடி நின்னு மரம் வாங்கட்டும். இனி அறுக்கிறது லான்யிங்."

தெச்சாங் போனான். லான்யிங் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள். இன்னொன்றை அவனிடம் நீட்டினாள். ஓரமாக நின்று, தள்ளுகோலை எடுத்து, பொத்தானை அழுத்தினாள்.

"என்ன செய்யணும்?" ரம்பச் சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான். அவள் பதினோரு வருஷம் நின்ற இடம் அது. அங்கே என்ன வேலை என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இழுக்காதீங்க! வந்தா வாங்கிக்கங்க, போதும்!"

மரம் பிளந்தது. தகட்டின் இருபுறமும் ஒதுங்கி, சண்டை எதுவும் போடாமல், அவன் இரண்டு கைகளுக்கும் வந்து சேர்ந்தது. அவன் அதை வாங்கி வைத்துவிட்டு அடுத்ததற்காகக் கையை நீட்டினான். கண் கலங்கியிருந்தது.

"மரத்தூள்" என்றான்.

கண்ணாடிக்குள் மரத்தூள் போக வழியே இல்லை. லான்யிங் அதைச் சொல்லவில்லை. அடுத்த பலகையை எடுத்து வைத்தாள்.