இரண்டாம் பாகத்தின் கடைசிப் பந்தயம்

எங்கள் வகுப்பில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. அந்தக் கார்ப் பந்தயப் படத்தின் இரண்டாம் பாகம், முதல் பாகம் மாதிரி இருக்குமா?

“முதல் பாகத்துல பாலத்து மேல ஓட்டுவாங்களே, அதை அடிச்சுக்க ஆளே கிடையாது,” என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன்.

“இதுல நாற்பது கார் வருதுடா!” என்றாள் என் பக்கத்துச் சீட்டுக்காரி.

“நாற்பது கார் வந்தா அது பந்தயமா? டிராஃபிக் ஜாம்!”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உளறிவிடுவேன். அந்த இரண்டாம் பாகம் அப்போது என் அம்மாவின் கையில்தான் இருந்தது.

அம்மா சினிமாவுக்குச் சத்தம் செய்பவர். படம் பிடிக்கும்போது எல்லாச் சத்தமும் சரியாகப் பதியாது. பிறகு திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் செய்து சேர்க்க வேண்டும். கதாநாயகன் படியிறங்கும்போது கேட்பது அம்மாவின் காலடிதான்.

சனிக்கிழமை நானும் ஸ்டுடியோவுக்குப் போனேன். எத்தனை முறை பார்த்தாலும் அந்த அறை என்னை வாய்பிளக்க வைத்துவிடும். தரையில் கட்டம் கட்டமாக மணல், சரளைக்கல், மரப்பலகை, வழவழப்பான டைல்ஸ். சுவரோரம் முப்பது ஜோடிச் செருப்புகள். நடுவில் ஒரு கார்க் கதவு. கார் கிடையாது, கதவு மட்டும்.

அம்மா டைல்ஸை ஈரமாக்கினார். வயிற்றுவலிக்கு ஒத்தடம் கொடுப்போமே, அந்த ரப்பர் வெந்நீர்ப் பையை அதன்மேல் அழுத்தி இழுத்தார்.

க்ரீஈஈச்!

திரையில் ஒரு சிவப்புக் கார் மலைப்பாதையில் வளைந்து திரும்பியது. என் கையில் இருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது.

ஆனால் அம்மாவின் முகம் தெளியவில்லை.

“முதல் பாகத்துக்குச் சத்தம் செஞ்சவர் வேற ஒருத்தர். நாலு மணிக்கு டைரக்டர் வர்றார். இந்தக் கடைசிப் பந்தயம் அவருக்குப் பிடிக்கலைன்னா, வேலையை என்கிட்டேயிருந்து எடுத்து அந்த ஆள்கிட்டயே குடுத்துடுவாராம்.”

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவரை நாங்கள் கண்ணாடி அண்ணன் என்போம். அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “அக்கா, இதுக்கு மேல சத்தத்தை ஏத்தினா ஸ்பீக்கர் எழுந்து வந்து என்னை அடிக்கும்!”

அம்மா என்னைப் பார்த்தார். “நீ முதல் பாகத்தைப் பதினோரு தடவை பார்த்தவளாச்சே. இதைப் பார்த்துட்டு உண்மையைச் சொல்லு. அது மாதிரி இருக்கா?”

விளக்கை அணைத்தார்கள். நாற்பது கார்களும் உறுமின. பந்தயம் முடிந்தது.

‘சூப்பர்’ என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் அம்மா சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு நாலு மணிவரைதான் தாங்கும். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், என் ரகசியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம்.

“அம்மா... நான் முழுசாப் பார்த்துட்டேன்.”

“பார்க்கத்தானே சொன்னேன்?”

“இல்லம்மா. அந்தப் பாலத்துப் பந்தயத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பதினோரு தடவையும் பயந்து கண்ணை மூடிக்கிட்டேன். இதுல... கண்ணு மூடவே இல்லை.”

என் காது இரண்டும் சுட்டன. கண்ணாடி அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அப்போ உனக்கு அந்தப் பந்தயம் காதால மட்டும்தான் தெரியும். கண்ணை மூடு. என்ன கேட்குது?”

மூடினேன். இருட்டுக்குள் அந்தப் பாலம் வந்தது.

“இன்ஜின் சத்தம் எங்கேயோ தூரமாப் போயிடும். அப்புறம் காருக்கு அடியில சின்னக் கல்லு வந்து படும். டிக். டிக். ஓட்டுறவர் எச்சில் முழுங்குவார். அவர் பக்கத்து சீட்ல நானே இருக்கிற மாதிரி இருக்கும்மா.”

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “நான் நாற்பது காரையும் ரோட்டு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்! காருக்குள்ள ஏறவே இல்லை!”

அதன்பிறகு அறை பரபரத்தது. கண்ணாடி அண்ணன் முப்பத்தொன்பது கார்களின் சத்தத்தைக் குறைத்தார். அம்மா தன் பழைய தோல் கைப்பையை முறுக்கினார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும் சத்தம் வந்தது. இரும்புத் தட்டில் கல் போடும் வேலை எனக்கு. ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன்.

“பாப்பா, கல்மழையா பெய்யுது?” என்றார் கண்ணாடி அண்ணன்.

அடுத்த முறை ஒவ்வொன்றாகப் போட்டேன். டிக். டிக்.

அம்மா மைக் அருகே போய் எச்சில் விழுங்கினார். அந்த நேரம் பார்த்து அவர் வயிறு கடகடவென்று உருண்டது.

“அக்கா, ஹீரோவுக்குப் பசிக்குது!”

மூன்று பேரும் சிரித்து முடித்துவிட்டு, மறுபடியும் பதிவு செய்தோம்.

நாலு மணிக்கு டைரக்டர் வந்தார். கண்ணாடி அண்ணன் என்னைக் காட்டி அவர் காதில் ஏதோ சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கல் நான் போட்டது. அந்த ஸ்டீயரிங் அம்மாவின் கைப்பை. டயர், வெந்நீர்ப் பை. ஆனாலும் உறுமல் விலகி, முதல் ‘டிக்’ கேட்டபோது அறை காணாமல் போனது. காலுக்குக் கீழே சாலை ஓடியது. இடது பக்கம் வெறும் பள்ளம். இவ்வளவு பெரிய மலையை அம்மா எங்கிருந்து கொண்டுவந்தார்? என் கைகள் தாமாகவே கண்களுக்குப் போய்விட்டன.

விளக்கு எரிந்தது.

“பாப்பா,” டைரக்டர் என் பக்கம் திரும்பினார். “முதல் பாகத்தைப் பதினோரு தடவை பார்த்த ஆள் நீதானாமே. அது மாதிரி இருக்கா இது?”

“தெரியலை சார்,” என்றேன். “பார்க்க முடியலை. கண்ணை மூடிக்கிட்டேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“பள்ளம் வர்ற இடத்துல எனக்கும் மூடிடுச்சு. வெளியில சொல்லிடாதே. படம் எடுத்ததே நான்தான்.”

எழுந்து நின்று அம்மாவிடம் சொன்னார்: “வேற யாருக்கும் குடுக்கப்போறதில்லை மேடம். இது இப்படியே இருக்கட்டும்.”

அம்மா விட்ட பெருமூச்சு, மைக் இல்லாமலேயே அறை முழுக்கக் கேட்டது.