மானின் மறுமுனை

அம்பு பட்ட மான் ஓடவில்லை. நடந்தது.

மார்லிஸ் ஓஜாலா வில்லை இறக்காமல், ஊன்றிய முழங்காலை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட மான் துள்ளும், வாலைத் தாழ்த்திக்கொண்டு புதர்களை முறித்தபடி பாயும் என்று எல்லாரும் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். இந்தப் பெட்டை மானோ விலாவில் ரத்தம் வழிய, காதுகளை மட்டும் முன்னுக்கு விறைத்து, யாரோ கூப்பிட்ட குரலுக்குப் போவதுபோல, வேலிக்கம்பி அறுந்து கிடந்த இடத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சதுப்புக்குள் நிதானமாக நடந்து போனது.

அந்தப் பக்கம் வெர்ன் கெம்பாவின் நிலம்.

வெர்ன் பேர் ஞாபகம் வந்ததுமே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வாழ்க்கையின் முதல் மான். தானே செதுக்கி, தானே இழைத்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் கார் ஷெட்டில் உட்கார்ந்து வளைத்த ஹிக்கரி மர வில். கடையில் விற்கிற வில்லில் இருப்பதுபோல கப்பியோ குறிபார்க்கும் கண்ணாடியோ எதுவும் கிடையாது. கட்டையும் நாணும்தான். பெட்ரோல் பங்கில் பத்துப் பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வெர்ன் அதைப் பார்த்துச் சொன்னான்: "அந்தக் குச்சியை வெச்சு மார்லிஸ் மான் அடிச்சான்னா, நான் அதோட தோலை உடுத்திக்கிட்டு சர்ச்சுக்கு வரேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்புதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கேலியையாவது மன்னிக்கலாம். போன இலையுதிர் காலத்தில் அவள் புருஷன் ஐனோ அடித்த கொம்பு மான் இதே சதுப்பில்தான் விழுந்தது. போய்ப் பார்த்தால் ரத்தமும், இழுத்துப்போன தடமும்தான் இருந்தன. ஐனோ நேரே வெர்ன் வீட்டுக்குப் போய்க் கதவை உடைக்கப் பார்த்தான். கைகலப்பு ஆயிற்று. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஐனோ வீட்டில் படுத்திருக்கிறான். இந்த வருஷம் மார்லிஸ் மட்டும்தான் காட்டுக்கு வந்திருந்தாள்.

உடனே துரத்தினால், விழுந்து படுத்த மானும் எழுந்து ஓடிவிடும். அதனால் காத்திருந்தாள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில், ஏற்கெனவே தரையில் கிடந்த பனியின்மேல் பொடிப்பொடியாகப் புதுப் பனி விழ ஆரம்பித்தது, தேவதாரு மரங்களின் அடியில் இருட்டு தண்ணீர்போல ஊறி மேலே ஏறிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பாதியில் நிறுத்தியது. பிறகு எதுவுமே சத்தம் போடவில்லை.

அம்பு மானை ஊடுருவிப்போய், அது நின்ற இடத்துக்குச் சற்று அப்பால் பாசியில் குத்தி நின்றிருந்தது. பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். நுரை கட்டிய இளஞ்சிவப்பு ரத்தம். நுரையீரல். சரியான அடி. அவளுக்குக் கண் கலங்கியது. "நல்லா போயிட்டம்மா, சீக்கிரம் போயிட்ட," என்று மானிடம் சொல்வதுபோல முணுமுணுத்தாள்.

வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அது விழுந்த இடம் தெரிந்தது. பனி உருகிய பள்ளம், ஒரு கை ரோமம், குளமாக ரத்தம், அதிலிருந்து இன்னும் எழும் ஆவி.

மான் இல்லை.

பள்ளத்திலிருந்து ஓர் ஆள் அகலத்துக்குப் பனி வழிக்கப்பட்டு, தடம் சதுப்பின் நடுவை நோக்கிப் போனது.

"திருட்டு நாயே!" என்று கத்தினாள். "வெர்ன்! நீதான்னு எனக்குத் தெரியும்டா!"

முன்னால், அதிகத் தூரமில்லை, ஏதோ சரசரவென்று இழுபட்டது. நின்றது.

அவள் நடந்தாள். அதுவும் இழுத்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் சத்தம் அதே தூரத்தில், அவளுக்காகக் காத்திருப்பதுபோல. காற்றில் மான் ரத்தத்தின் இரும்பு வாடைக்கு அடியில் வேறொன்று கலந்திருந்தது: மூடிக்கிடந்த நிலவறையில் அழுகிய உருளைக்கிழங்கின் நாற்றம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தாள். பயம் வரவேண்டிய இடத்தில் கோபம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

போனை எடுத்தாள். சண்டைக்குப் பிறகும் அவன் நம்பரை அழிக்கவில்லை.

"யாரு... மார்லிஸா?" வெர்னின் குரல். பின்னால் நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

"என் மானைக் கீழ போடு."

"எந்த மான்? நான் வராந்தால நிக்கிறேன். இந்த நாய் என்னமோ சதுப்பைப் பார்த்துக் கத்துது. அங்க டார்ச் அடிக்கிறது நீயா?"

"பொய் சொல்லாதய்யா! எனக்கு முன்னால இழுத்துக்கிட்டுப் போற."

"அம்மா சத்தியமா நான் வீட்ல இருக்கேன்!"

"அப்போ வராந்தா லைட்டை ரெண்டு தடவை அணைச்சு எரி பாப்போம்."

மரங்களுக்கு அப்பால், மேட்டின் மேல், ஒரு மஞ்சள் புள்ளி அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

அவளுக்கு முன்னால் சரசரப்பு.

"மார்லிஸ், கேளு," வெர்னின் குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சதுப்புல விழுந்த ஒரு மானைக்கூட நான் தூக்கினதில்ல. ஐனோவோடதும் இல்ல. நான் அடிச்சதே அதுக்குள்ள காணாமப் போயிருக்கு. வெளிய சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. திரும்பி வந்துடு."

திரும்பியிருக்கலாம். மேட்டு விளக்கு தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பெட்ரோல் பங்கின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. வெறுங்கையோடு போய் நின்றால், அடித்தேன் என்று எவன் நம்புவான்? போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கீழே பார்த்தபோதுதான் கவனித்தாள்: பனியில் இழுத்த தடம் இருந்தது. இழுத்தவனின் காலடி எங்கும் இல்லை.

நாலு எட்டு. மான்.

பின்னங்கால்கள் அவள் பக்கம் நீண்டு கிடந்தன. இடுப்புக்கு மேலே உடம்பு புதருக்குள், இருட்டுக்குள். வில்லைக் கீழே வைத்தாள். இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். வந்தது. ஒரு முழம், இரண்டு முழம். நின்றது.

வேரில் மாட்டிக்கொண்டதாக நினைத்துக் காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

மறுமுனையிலிருந்து திருப்பி இழுத்தது.

முழங்கால் மடங்கிப் பனியில் விழுந்தாள். டார்ச் வாயிலிருந்து தெறித்துக் கீழே உருண்டு, மானின் விலாவை மட்டும் வட்டமாகக் காட்டி நின்றது.

"விடு!" அவள் அலறினாள். "என்னுது! நான் அடிச்சது!"

இழுத்தாள். இழுத்தது. இழுத்தாள்.

"யாருகூடப் பேசற?" பையிலிருந்து வெர்ன். "மார்லிஸ், விட்டுடு! எடுத்துக்கட்டும், விட்டுடு!"

"விட மாட்டேன்!"

சட்டென்று எதிர்ப்பு தளர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு மூச்சு சந்தோஷம்.

எதிர்ப்பக்கம் இருந்தது விடவில்லை. அவள் பக்கமாக வர ஆரம்பித்திருந்தது.

டார்ச் வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு கை வந்தது. மனிதக் கை. ஊறி வெளுத்தது. நகங்களில் சேறு. மான் ரோமத்தைக் கொத்தாகப் பிடித்தது. அதற்கு முன்னால் இன்னொரு கை வந்து பிடித்தது. கயிற்றில் ஏறுவதுபோல.

"மார்லிஸ்? மார்லிஸ்!"

அவள் விட நினைத்தாள். விரல்கள் திறக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு கை வெளிச்சத்துக்குள் வந்தது.

நான்காவது.

எல்லாம் ரோமத்தைப் பற்றிப் பற்றி, அவசரமே இல்லாமல், அவள் மணிக்கட்டை நோக்கி.