பதினொன்றாம் ஓட்டம்

நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் நகரத்துக்கு வந்து இறங்கி, நாலு பேரிடம் வழி கேட்டு, அக்ரஹாரத்துப் பழைய வீட்டின் முன் சுலோசனா நின்றபோது மத்தியானம் இரண்டு மணி. தெருவில் ஸ்கூட்டர்களும் பூக்காரியின் குரலுமாக ஒரே இரைச்சல். உள்ளே கால் வைத்ததும் அத்தனையும் அடங்கிப் போயிற்று. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். இருட்டுக்குள் கம்ப்யூட்டர்கள் மட்டும் மினுங்கின.

அதோடு ஒரு வாசனை. சுளுக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரேயின் வாசனை. மகள் தாரணி கூடைப்பந்து ஆடிவிட்டு வந்தால் வீடு முழுக்க அதுதான் வீசும்.

தாரணி போய் நாலு மாதம் ஆகிறது.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றான் செந்தில்நாதன். கண்ணாடி போட்ட, தொந்தி சரிந்த ஆள். தமிழில் கன்னடம் கலந்து பேசினான். கூடைப்பந்து வீடியோ கேம் தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் முதலாளி. "புது அப்டேட்டுல உங்க பொண்ணோட ஓட்டத்தைத்தான் போட்டிருக்கோம். இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டா ஆயித்து."

அப்டேட் போன வாரமே வெளியாகிவிட்டது. செய்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்பது அவனுடைய வழக்கம். அது தெரியாமல் சுலோசனா கைகூப்பினாள்.

"ஏனுங்க சார், ஒருக்கா எம் புள்ளையப் பாத்துப்போட்டு கையெழுத்துப் போடறனுங்க."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகளின் கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது? தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டும்போதும், வீட்டில் உலை வைக்கும்போதும் மண்டைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்காக அவள் ஓடுவதைப் பதிவு செய்து, தான் 'போதும்' என்று சொன்ன பிறகு தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள், சாய்ந்துவிட்டாள் என்றுதான் செந்தில்நாதன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இதயக் கோளாறாம். பத்தொன்பது வயதில்.

பதிவு எப்படி நடக்கும் என்று தாரணியே அம்மாவுக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். அசைவைப் பதிவு செய்யும் கருவிகளை உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கட்டிவிடுவார்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றால்தான் பதிவு தொடங்கும். சார் 'போதும்' என்று சொல்லும்வரை ஓட வேண்டும், குதிக்க வேண்டும். சொன்னதும் மறுபடி கையை விரித்து நிற்க வேண்டும். அப்போதுதான் பதிவு முடியும். "அவரு சொல்லாம நின்னுட்டா அது செல்லாதும்மா. மொதல்ல இருந்து ஓடணும்." சோளக்காட்டுப் பொம்மை மாதிரி நிற்கிறாய் என்று சுலோசனா அன்றைக்குக் கேலி செய்தாள்.

கம்ப்யூட்டரில் வேலை செய்யும் உமேஷ் அவளுடைய போனிலேயே விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். அவன் பேசியது கன்னடம். நஞ்சன்கூட்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவளுக்கு அது புரியாமலா போகும்? முன்பெல்லாம் ஆட்டக்காரர்களின் கால் தரையில் வழுக்கிக்கொண்டே போகும், பந்து கையில் ஒட்டிக்கொண்டே வரும், எல்லோரும் கண்டபடி திட்டினார்கள் என்றான். இப்போது கால் அழுந்துகிறது, மூச்சு வாங்குகிறது. ஆட்டம் முடியப் போகையில் நிஜமாகவே களைத்துப் போகிறார்கள்.

"பத்துப் பேருமே உங்க பொண்ணுதாம்மா" என்றான் செந்தில்நாதன் பெருமையாக. "ஒடம்புதான் வேற வேற. தத்ரூபமா இருக்கல்வா?"

இருந்தது. ஆறடி ஆண்கள் பத்துப் பேர், பந்தை எறியும் முன் தாரணியைப் போலவே இடது காதை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சுலோசனா சிரித்துவிட்டாள். அடுத்த நொடி அழுதும்விட்டாள். பாவி மகளே, எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறாய்!

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி தொடங்கியது. பத்துப் பேரும் களைத்தார்கள்.

சுலோசனா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒருவன் மார்பைப் பிடித்தான். பிறகு இன்னொருவன். பிறகு பத்துப் பேரும்.

"இது களைப்பு இல்லீங்க" என்றாள். "புள்ளைக்கு வலிக்குது."

பத்துப் பேரும் ஒரே பக்கம் திரும்பி, ஒரு விரலை உயர்த்தினார்கள். நிறுத்தலாமா என்று கேட்கிற விரல்.

உமேஷ் திரையருகே குனிந்தான். "சார், பதிவுல இந்த இடத்த நான் வெட்டிட்டேன். அப்டேட்ல இது இல்லவே இல்ல."

"வாய மூடு."

போனிலிருந்து குரல் வந்தது. செந்தில்நாதனின் குரல்.

"நல்லா இருக்கு. இன்னொரு தடவை."

பத்துப் பேரும் ஓடினார்கள். விழுந்தார்கள். எழுந்தார்கள். விரலை உயர்த்தினார்கள்.

"இன்னொரு தடவை."

செந்தில்நாதன் போனைப் பிடுங்கி அணைத்தான். திரை கறுத்தது.

சத்தம் நிற்கவில்லை.

அது இப்போது கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. தாரணியை ஓடவிட்ட சிமெண்ட் மைதானம் அங்கேதான் இருந்தது. ஷூ உரசும் கிரீச். பந்து மோதும் தொம். நடுநடுவே, கிழிந்த துணியை இழுப்பது போல ஒரு மூச்சு.

"எத்தனை தடவ ஓட வெச்சீங்க?" என்றாள் சுலோசனா.

உமேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "பதினொண்ணு."

"கடைசியில போதும்னு சொன்னீங்களா, சார்?"

செந்தில்நாதன் கையெழுத்துக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். அதுவே பதிலாக இருந்தது.

"அவ இன்னும் ஓடிட்டிருக்காளுங்க. இப்பவாவது சொல்லுங்க. உங்க காலப் புடிக்கறேன்." சொன்னபடியே அவள் தரையில் விழுந்து அவன் கால்களைப் பிடித்தாள். பெற்றவள் பிடிக்கக் கூடாத கால்கள் அவை.

"சும்னே பதிவும்மா அது. அதுகிட்ட என்னத்தச் சொல்றது?" என்று காலை உதறினான். ஆனால் மூச்சுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவு தானாக அசைந்து திறந்தது. வெளியே பட்டப்பகல் வெயில். ஆள் இல்லை. பந்தும் இல்லை. சிமெண்ட் தரையில் மட்டும் ஈரமான ஷூ தடங்கள், ஒவ்வொன்றாக, அவனை நோக்கி வந்தன.

"போதும்!" என்று அலறினான் செந்தில்நாதன். "போதும்! போதும்!"

தடங்கள் நின்றன.

அணைத்து வைத்திருந்த போன் தானாக ஒளிர்ந்தது. பத்துப் பேரும் கைகளை அகல விரித்து நின்றார்கள். நாலு மாதம் கழித்து அந்தப் பதிவு முடிந்தது. சுலோசனா திரையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது.

அப்போது செந்தில்நாதனின் கைகள் மேலே எழுந்தன.

அவன் எழுப்பவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவது போல, பக்கவாட்டில், நேராக விரிந்தன. கொல்லை வாசலில் சோளக்காட்டுப் பொம்மையாக நின்றான்.

பிறகு ஓடத் தொடங்கினான்.

முதலில் ஆபீஸ் செருப்போடு. அது பிய்ந்ததும் வெறுங்காலோடு. வெயிலில் கொதித்த சிமெண்டில் ஓடினான், குதித்தான், இல்லாத பந்தை இல்லாத ஆளிடமிருந்து பறித்தான். உமேஷ் பிடித்து நிறுத்தப் பார்த்து, தூக்கியெறியப்பட்டான். "போதும் சார், போதும்" என்று கத்தியும் பார்த்தான். அவன் சொல் எடுபடவில்லை.

நாலாவது ஓட்டத்தில் செந்தில்நாதன் சுலோசனாவைப் பார்த்தான். ஒரு விரலை உயர்த்தினான்.

யார் சொன்னால் எடுபடும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரே ஒரு சொல். பிறத்தியார் குழந்தை அழுதால்கூடத் தாங்காதவள் அவள். அந்தச் சொல் தொண்டைவரைக்கும் வந்தது.

விழுங்கிக்கொண்டாள்.

பதினொன்றாவது ஓட்டத்தின் பாதியில் அவன் விழுந்தான். அப்போது மணி மூன்றரைகூட ஆகவில்லை. "ஓடிட்டிருந்தாருங்க, சாஞ்சுட்டாருங்க" என்று போலீஸிடம் சொன்னாள். டாக்டர் இதயக் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார்.

கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஆனால் மறுவாரமே, யாரும் அனுப்பாத ஓர் அப்டேட் எல்லோருடைய போனிலும் வந்து இறங்கியது. மைதானத்தின் ஓரத்தில் இப்போது கண்ணாடி போட்ட தொந்திக்காரன் ஒருவன் வெறுங்காலோடு ஓடுகிறான். இந்த விளையாட்டில் இதுவரை வந்ததிலேயே இதுதான் பிரமாதம், அந்த ஆளின் வேதனை நிஜம் போலவே இருக்கிறது என்று ஆடுகிறவர்கள் புகழ்ந்து தள்ளுகிறார்கள்.

தினமும் காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் சுலோசனா போனைத் திறக்கிறாள். அவளுக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. ஸ்ப்ரே நெடி தாங்கவில்லை என்கிறார்கள்.

திரையில் அவன் நின்று, மார்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலை உயர்த்துகிறான்.

சுலோசனா குனிந்து, போனின் காதோரம் சொல்வது போல மெதுவாகச் சொல்கிறாள்.

"இன்னொரு தடவை."

அவன் ஓடுகிறான். பக்கத்தில், காலி சீட்டில், யாரோ இரைக்காமல் நிதானமாக மூச்சு விடுகிறார்கள்.